சரவணை லட்சுமியும் ஐந்து பாகத் தண்ணீரும்

எனக்குப் பிரியாவிடை நடந்த அன்று, மாலை போட்ட கையோடு ஒரு கேள்வியையும் போட்டார்கள். "ஐயா, ஆர் இந்த லட்சுமி?"

கேட்டவர்களில் பிழையில்லை. எங்கள் பகுதியில் வேலை செய்யும் சுழியோடிகள் இன்றைக்கும் கடலடியிலிருந்து மேலே வரும்போது, "லட்சுமீஈஈ" என்று நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. அது ஏதோ கடல் தெய்வம் என்றார் ஒருவர். ஐயாவின் பழைய காதலியாக இருக்கும் என்றார் இன்னொருவர். என் மனைவி பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். அவளுக்கு உண்மை தெரிந்திருந்தபடியால் நான் சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

லட்சுமி எங்கள் வீட்டுப் பசு. எங்கள் ஊர் சரவணையில், தோட்டக் காணியில் மேய்ந்தவள். அவள் பெயர் எப்படிக் கடலுக்குள் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் முதுகில் காற்றுப்போத்தலைக் கட்டிக்கொண்டு தீவுப்பகுதிக் கடலில் இறங்கியவன் நான். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, என்னோடு இறங்கிய ஒருவரையும் நான் கடலில் விட்டுவிட்டு வந்ததில்லை. ஒரே ஒரு முறை விட்டுவிட்டு வந்திருப்பேன். பிரியாவிடையில் பேசிய எல்லோரும் அந்தச் சம்பவத்தைத்தான் என்னுடைய பெரிய வெற்றியாகச் சொன்னார்கள். பாதிக் கதைதான் அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் தோட்டம் செய்கிற குடும்பம். புகையிலை, வெங்காயம், மிளகாய். நான் நீந்தப் பழகியது ஊர்க் கேணியில். அரசாங்க வேலை என்று கடல் அளவைப் பகுதியில் சேர்ந்தபோதும், கரையில் அளவுக்கோல் தூக்குவதுதான் எனக்குக் கிடைத்தது. ஐந்தாறு வருடம் அப்படியே போனது. பிறகு வெளிநாட்டிலிருந்து காற்றுப்போத்தல்களும் கண்ணாடிகளும் கால் செட்டைகளும் பெட்டி பெட்டியாக ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்கின. தீவுகளைச் சுற்றியுள்ள முருகைக்கற் பார்களை, அந்தப் பவளப் பாறைத் திட்டுகளை, பார்த்து, பயணிகள் படகு போகும் பாதைக்கு மிதவை கட்ட வேண்டும். அதற்கு நான்கு சுழியோடிகள் தேவைப்பட்டார்கள்.

ஆள் தெரிவு செய்தவர் எங்கள் மேற்பார்வையாளர், ஓவசியர் ஐயா. நாரந்தனை ஆள். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, கறுத்தக் குடை, நூலில் கட்டிய மணிக்கூடு. எங்கள் இயந்திரப் படகான லோஞ்சின் மேல்தட்டில் ஒரு கதிரையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார். அதில் இருந்தபடிதான் எல்லாம் நடக்கும். அவருக்கு நீந்தத் தெரியாது. ஆனால் கருவிகளோடு வந்த புத்தகத்தை வரி வரியாகப் படித்து, எங்கள் எல்லோரையும்விடக் கடலடியை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்பார். முதல் பதில் வாய் சொல்வது, இரண்டாவது பதில்தான் ஆள் சொல்வது என்பது அவருடைய எண்ணம்.

ஆள் தெரிவுக்கு ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொருவராகத் தலையை அமுக்கச் சொன்னார். சங்கு குளித்துப் பழகியவர்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்கள் தலையை விட்டால் நாங்கள் ஒரு சுருட்டுப் பற்றி முடிக்கலாம். நான் விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்து, இரைக்க இரைக்க நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓவசியர் ஐயா முதலில் அடையாளமிட்டது என் பெயரைத்தான்.

"ஐயா, எனக்கு மூச்சுப் பிடிக்க ஏலாது" என்றேன்.

"அதுதான் காணும் எனக்கு வேணும். மற்றவைக்கு மூச்சை அடக்கிற பழக்கத்தை மறக்கப்பண்ண எனக்கு வருசம் செல்லும். உமக்கு மறக்க ஒண்டுமில்லை."

அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பயிற்சியில் விளங்கியது. நயினாதீவுத் திருவிழாவில் வாங்கிய பலூன் ஒன்றை என்னிடம் தந்து, அடியில் வைத்துக் காற்று நிரப்பிக் கட்டி விடச் சொன்னார். விட்டேன். மேலே போகப் போகப் பலூன் பெருத்தது. தண்ணீர் மட்டத்துக்கு வர முன்னமே வெடித்தது. எங்கள் சுவாசப்பையும் அப்படித்தான். சங்கு குளிப்பவர் மேலே எடுத்த மூச்சைக் கீழே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வருகிறார், அவருக்கு ஒன்றும் ஆகாது. போத்தல்காரன் அடியிலே எடுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தப் பலூனின் கதிதான். ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழம் போதும். ஆழமில்லாத இடம் என்று அலட்சியமாக இருக்கிற இடத்தில்தான் ஆள் போகும்.

அதனால் ஓவசியர் ஐயா ஒரு வழக்கம் கொண்டு வந்தார். மேலே வரும்போது ஒவ்வொருவரும் வாய்க்குழாயைக் கழற்றி, வாய்விட்டு எதையாவது நீட்டிக் கூப்பிட வேண்டும். சத்தம் வந்தால் காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். என்ன சொல்வது என்பது அவரவர் விருப்பம். இருவர் செபம் சொன்னார்கள். எனக்கு நீட்டிக் கூப்பிட்டுப் பழக்கமானது ஒன்றுதான். பொழுதுபடும் நேரம் தோட்டக் கரையில் நின்று மாட்டைக் கூப்பிடுவது. "லட்சுமீஈஈ" என்றுகொண்டே மேலே வருவேன். தலை தண்ணீருக்கு வெளியே வரும்போது "மீ" முடியும்.

அன்று முதல் என் பெயர் மாட்டுக்காரன். அந்தப் பெயரை வைத்தவர் சூசை அண்ணை.

சூசை அண்ணை நெடுந்தீவு ஆள். பதினைந்து வயதிலிருந்து சங்கு குளித்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நெஞ்சு அகலம், கை கால் எல்லாம் தேக்குக் கட்டை. அவர் தண்ணீருக்குள் அசைவதைப் பார்த்தால், நாங்களெல்லாம் தவறி விழுந்தவர்கள் என்று தோன்றும். பொறாமை இருந்தது எனக்கு, மறைக்கவில்லை. ஆனால் அவர் மேலே வரும்போது ஒரு சத்தமும் போட மாட்டார். "நான் என்ன, ஆட்டுக்குட்டியோ கத்திக்கொண்டு வாறதுக்கு?" என்பார். ஐயாவின் கண்டிப்புக்காக, தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட வந்து நாலு குமிழி விடுவார். போத்தல் காற்றையும் மூச்சுக்கு மூச்சு அடக்கி அடக்கி மிச்சம் பிடிப்பார். எங்கள் போத்தல் முடிந்த பிறகும் அவருடையதில் காற்று இருக்கும். அதில் அவருக்குப் பெருமை. நான் லட்சுமியைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே தலையைத் தூக்கினால், லோஞ்சில் இருந்து "ம்பாஆஆ" என்று பதில் வரும். கிழமைக்கு ஐந்து நாள். வருடக்கணக்காக.

இன்னொரு முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை அதிலேதான். அந்தக் காலத்துப் போத்தலில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் கிடையாது. பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும். கம்பி மேலே நின்றால், கடைசிக் கொஞ்சக் காற்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மூச்சு இழுக்கக் கனத்தால் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். ஒதுக்கிய காற்று திறக்கும், அதைப் பாவித்து மேலே வரலாம். ஆனால் கரையில் போத்தலுக்குக் காற்று அடிக்கும்போது கம்பி கீழே இருக்க வேண்டும். அடித்து முடிந்ததும் யாராவது மறக்காமல் மேலே தள்ளி விட வேண்டும். முதுகில் இருப்பது தன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சோடியாக இறங்குபவர் மற்றவரின் பின்னால் நின்று, முதுகில் கை வைத்து, கம்பியைத் தடவிப் பார்த்து, "கம்பி மேலை" என்று சொல்வார். ஓவசியர் ஐயா சின்னக் கரும்பலகையில் ஒரு கோடு போடுவார்.

அந்தக் கிழமை வாடைக்காற்று ஓய்ந்திருந்தது. நெடுந்தீவுக்கு மேற்கே பாரின் விளிம்பில் கட்டிய மிதவையின் சங்கிலி, கடல் கொந்தளிப்பில் கல்லைச் சுற்றிச் சிக்கிவிட்டது என்று தகவல். சூசை அண்ணையும் நானும் இறங்க வேண்டும். காலையில் துறையில் லோஞ்ச் ஏறும்போது, படகுக்கு நின்ற சனத்துக்கு முன்னால் சூசை அண்ணை மாடு மாதிரிக் குரல் கொடுத்து, "வழி விடுங்கோ, தோட்டக்காரர் கடலுக்கு எரு போடப் போறார்" என்றார். நின்ற பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பாருக்குப் போகும் வரை அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

போத்தல் கட்டினோம். அவர் என் கம்பியைத் தடவிப் பார்த்து, "கம்பி மேலை" என்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கை வைக்காமலே "கம்பி மேலை" என்றேன்.

"பாத்தாச்சோ?" என்றார் ஓவசியர் ஐயா.

"ஓம் ஐயா."

"பாத்தாச்சோ?"

"ஓம் ஐயா."

கோடு விழுந்தது. இறங்கினோம்.

அந்தப் பாரைப் பற்றிக் கேட்டால் நான் நாள் முழுக்கக் கதைப்பேன். வெயில் அடிவரை இறங்கும் இடம். உருண்டைக் கற்கள் வரிசை வரிசையாக ஊரில் பார்க்கும் முட்டைக்கோவாத் தோட்டம் மாதிரி. அவற்றுக்கிடையில் மான்கொம்புக் கற்கள். கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் சத்தம் காதுக்குக் கேட்கும். எந்தக் கோபமும் அங்கே இறங்கினால் ஆறிவிடும். அன்றைக்கும் ஆறிவிட்டது. கம்பியைப் பார்க்காதது அப்போது நினைவுக்கு வந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். வரவில்லை.

சூசை அண்ணை அலவாங்கு என்ற கடப்பாரையால் நெம்பினார், நான் சங்கிலியை இழுத்தேன். கடுமையான வேலை, நெம்புகிறவருக்கு மூச்சை மிச்சம் பிடிக்க முடியாது. கடைசிச் சுற்று கழன்று வரும் நேரம், அவர் அலவாங்கைக் கீழே வைத்தார். கை பின்னால் போய்க் கம்பியை இழுத்தது. ஒன்றும் இல்லை. திரும்பவும் இழுத்தார். கம்பி முதலிலிருந்தே கீழேதான் நின்றிருக்கிறது. ஒதுக்கிய காற்றும் சேர்ந்து ஏற்கெனவே முடிந்துவிட்டது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது.

என் வாய்க்குழாயைக் கழற்றி நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் கண்ணில் பயம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காற்று இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பதினைந்து வயதிலேயே அவருடைய உடம்புக்குத் தெரியும். கடைசியாக உறிஞ்சிய காற்றை நெஞ்சில் பூட்டி, வாய்க்குழாயைத் துப்பி, உதட்டை இறுக்கி மூடி, கல்லில் காலை ஊன்றி மேலே உந்தினார். ஐந்து பாகம் அவருக்கு முகம் கழுவுவது மாதிரி. ஆயிரம் தரம் வந்த தூரம். ஆனால் நெஞ்சில் இருந்தது கடலடிக் காற்று.

என்னைக் கீழே இழுத்து வைத்திருந்த ஈயப்பட்டியைக் கழற்றி விட்டேன். அப்போதுதான் அவரைப் பிடிக்க முடியும். வாயால் காற்றை விட்டுக்கொண்டே ஏறி, முதலில் அவருடைய செட்டையைப் பிடித்தேன், பிறகு இடுப்புப் பட்டியை. பாதித் தூரத்தில் நிற்கிறோம். அவர் என்னை உதைக்கிறார். கன்னம் இரண்டும் உப்பி விட்டன. புத்தகத்தில் சொன்னபடி அவருடைய வயிற்றில் குத்தினேன். கல்லில் குத்திய மாதிரி இருந்தது. இன்னொரு முறை. உதடு திறக்கவில்லை.

வேறொன்றும் தோன்றவில்லை எனக்கு. அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பி, என் கண்ணாடியை அவருடைய கண்ணாடியோடு ஒட்ட வைத்து, என்னிடம் இருந்த காற்று முழுவதையும் போட்டுக் கத்தினேன். "லட்சுமீஈஈஈ!"

தண்ணீருக்குள் அது என்ன மாதிரிக் கேட்டதோ தெரியாது. அவருடைய கண் ஒருமுறை விரிந்தது. பிறகு ஓரத்தில் சுருங்கியது. அடுத்த கணம் வாய் வெடித்துத் திறந்து குமிழிகள் கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன. நான் கூப்பிட்டுக்கொண்டும் அவர் குமிழி விட்டுக்கொண்டும் இருவருமாகத் தண்ணீரைக் கிழித்து வெளியே வந்தோம்.

லோஞ்சில் தூக்கிப் போட்டபோது அவர் இருமினார். எச்சிலில் இரத்தம். ஓவசியர் ஐயா எழும்பி நின்று, "லோஞ்சை எடுங்கோடா! ஊர்காவற்றுறைக்கு!" என்று கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டோம். வழி முழுக்கச் சூசை அண்ணையின் தலை என் மடியில் இருந்தது. அவர் போனால் நான் எந்த முகத்தோடு நெடுந்தீவுக்குப் போவேன், அவருடைய பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன் என்பதுதான் எனக்குள் ஓடியது. பாதி வழியில் ஐயா கேட்டார்.

"கம்பி?"

"மேலைதான் நிண்டது ஐயா. கல்லிலை பட்டுக் கீழை போயிருக்கும்."

"கம்பி மேலை நிண்டதோ?"

"ஓம் ஐயா."

அப்படியே பதிவுப் புத்தகத்தில் எழுதினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். நெஞ்சுக்குள் சின்னக் கிழிசல், இன்னும் கொஞ்சத் தூரம் மூச்சை அடக்கி வந்திருந்தால் ஆள் இல்லை என்றார் டொக்டர். அந்த இரண்டு கிழமையும் எனக்குத்தான் மரியாதை. கந்தோரில் மேலதிகாரிகள் கை குலுக்கினார்கள். துறையில் தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள். சரவணையான் சங்குகாரனைக் காப்பாற்றினான் என்று தீவெல்லாம் கதை. வெட்கம் என்றால் என்னவென்று அந்த நாட்களில்தான் முழுதாக அறிந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்றே, சூசை அண்ணை நெடுந்தீவுக்குப் போகாமல் நேரே சரவணைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுப் புல்லு. வந்தவர் என்னைப் பார்க்கவில்லை.

"எங்கை தம்பி அவள்?"

மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புல்லைப் போட்டுவிட்டு, மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவோ லட்சுமி? நீ கூப்பிடுற சத்தத்துக்கு நான் யானை எண்டெல்லோ நினைச்சனான்." நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். "நீ குத்தினதிலை ஒண்டும் நடக்கேல்லை. சாகப் போற நேரத்திலும் மாட்டைக் கூப்பிடுறானே விசரன் எண்டு சிரிப்பு வந்திட்டுது. அதிலைதான் மூச்சுப் போனது."

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி சொன்னேன். "அண்ணை, நான் கம்பியைப் பாக்கேல்லை. பாக்காமல்தான் சொன்னனான்."

அவர் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தெரியும்."

"தெரியுமோ?"

"முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவன் நானெல்லோ? உன்ரை கை படேல்லை. பட்டதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாதோ? தெரிஞ்சுதான் குதிச்சனான். எனக்கென்ன கம்பி, எனக்கென்ன ஒதுக்குக் காற்று எண்ட கொழுப்பு." மாட்டின் கழுத்தைத் தட்டிவிட்டு, "நீ கோபத்திலை விட்டாய், நான் பெருமையிலை விட்டன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். லட்சுமி தன்பாட்டுக்குப் புல்லுத் தின்றாள்.

அடுத்த நாள் ஓவசியர் ஐயாவிடம் போய், பொய் சொன்னேன் என்று நின்றேன். அவர் மணிக்கூட்டின் நூலை விரலில் சுற்றினார். எழுதியதை வெட்டித் திருத்தி, அதன் கீழே என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். "ஒரு மாதம் நீர் தண்ணியிலை இறங்கக் கூடாது. என்ரை கதிரைக்குப் பக்கத்திலை குடையைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்" என்றார். பிறகு, "பிழையான ஆளைத்தான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறன்" என்றார். அன்றிலிருந்து எங்கள் பகுதியில், கம்பி பார்த்தவரிடம் கேள்வி இல்லை. முதுகைக் காட்டி நிற்பவரிடம்தான் கேட்பார். "கை பட்டுதோ?"

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே, இன்றைக்கு உங்கள் போத்தல்களில் முள் இருக்கிறது, காற்று எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு ஏன் ஐயா முதுகில் கை, ஏன் இந்தக் கத்தல் என்று கேட்கிறீர்கள். முள் காற்றைக் காட்டும். பக்கத்தில் நிற்பவன் கோபத்தில் நிற்கிறானா, நீங்கள் கொழுப்பில் நிற்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது.

டொக்டர் சரி என்று சொல்லி, சூசை அண்ணை திரும்ப இறங்கிய நாள் என்னுடைய தண்டனை மாதம் முடிந்திருக்கவில்லை. ஐயாவின் பக்கத்தில் குடையோடு நின்றேன். மேலே வரும்போது வாய்விட்டுக் கூப்பிடாவிட்டால் இனிப் போத்தல் இல்லை என்று ஐயா ஏற்கெனவே சொல்லியிருந்தார். என்ன கூப்பிடப் போகிறீர் என்று கேட்டதற்கு, வரும்போது தெரியும் ஐயா என்றார் அவர். சூசை அண்ணையின் முதுகில் மற்றச் சுழியோடிகளில் ஒருவர் கை வைத்தார்.

"கை பட்டுதோ?"

"பட்டுது ஐயா."

"கை பட்டுதோ?"

சூசை அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாய்ப் பட்டுது ஐயா."

இறங்கினார். குமிழிகள் ஒரே சீராக வந்தன. அடக்கி மிச்சம் பிடிக்கவில்லை. நேரம் போனது. பிறகு குமிழிகள் பெருகி, தண்ணீர் கலங்கி, முதலில் கண்ணாடியும் பிறகு திறந்த வாயும் வெளியே வந்தன. வாயில் மிச்சமிருந்தது முழுக் கடலுக்கும் கேட்டது.

"...மீஈஈஈ!"

லோஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஐயாவின் குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, அத்தனை வருடமும் அவர் எனக்குத் தந்த பதிலைத் தொண்டை கிழிய அவருக்குக் கொடுத்தேன்.

"ம்பாஆஆஆ!"

ஓவசியர் ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. கரும்பலகையை எடுத்து ஒரு கோடு போட்டார்.